மாடன் சேவலுக்கு ஒரு தேக்கு மேடை

அன்று சாயங்காலம் கோழிக்கூட்டின் முன்னால் இருந்தவர்கள்: அம்மா, தங்கை பகவதி, பக்கத்து வீட்டுப் பங்கஜாட்சி சேச்சி, பதினோரு பெட்டைக் கோழிகள், ஒரு கறுப்புச் சேவல், கையெல்லாம் வார்னிஷ் நாறும் நான். இல்லாதவர்கள் இருவர். ஒருவர் அப்பா; மாட்டுவண்டியில் அரிசி மூட்டை ஏற்றிக்கொண்டு வித்துராவுக்குப் போயிருந்தார். இன்னொன்று என் புத்தி. அப்பா புதன்கிழமை திரும்பி வந்தார். புத்தி வந்து சேர இன்னும் சில நாளாயிற்று (முழுவதும் வந்துவிட்டதா என்பதில் என் மனைவிக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்).

திருவனந்தபுரத்தில் சாலைக் கம்போளம் என்கிற பெரிய சந்தைக்குப் பின்னால் எங்கள் வீடு. வீடு என்றால் முன்னால் ஒரு அறை, பின்னால் ஒரு அடுக்களை, அதற்கும் பின்னால் ஒரு பலாமரம். நாங்கள் நாகர்கோவில் பக்கத்து ஆட்கள். அப்பா வண்டியோட்டிப் பிழைக்க இங்கே வந்தவர். அப்பா வழியிலும் சரி, அம்மா வழியிலும் சரி, பென்சில் பிடித்த முதல் கை என்னுடையது. அந்தக் கைக்கு வீட்டில் இருந்த மரியாதையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. நான் சாப்பிட்டு எழுந்தால் அம்மா முதலில் என் வலது கைக்குத்தான் தண்ணீர் ஊற்றுவாள், ஏதோ சர்க்கார் சொத்துபோல.

இப்படிப்பட்ட கை இண்டர்மீடியட் பரீட்சையில் முதல் தடவை தோற்றது. அம்மா அழவில்லை. நேராக ஊருக்குப் போய்ச் சுடலைமாடன் சாமி முன்னால் நின்று, "பிள்ளை பாசானா ஒரு பொட்டு வெள்ளை இல்லாத கருஞ்சேவல் தாறேன்" என்று நேர்ந்துகொண்டு வந்துவிட்டாள். அடுத்த தடவை நான் பாசாகிவிட்டேன். ஒரு சர்க்கார் ஆபீஸில் தற்காலிக குமாஸ்தா வேலையும் கிடைத்தது. சாமி தன் பங்கைச் செய்துவிட்டது. இனி எங்கள் பங்குதான் பாக்கி.

சேவலை அம்மா குஞ்சிலிருந்தே வளர்த்தாள். வருகிற சித்திரையில் ஊரில் மாடனுக்குக் கொடைத் திருவிழா. அதில் ஒப்படைக்க வேண்டும். வெள்ளை இறகு இருக்கக்கூடாது. கொண்டை சிதையக்கூடாது. உடம்பில் ஊனம் கூடாது. முக்கியமாக அந்தக் கடைசி நிபந்தனையை வாசகர்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும், நான்தான் மறந்துவிட்டேன். சேவலுக்கு வீட்டில் பேர் 'மாடன் சேவல்'. பகவதி மட்டும் அதை 'இண்டர்' என்று கூப்பிடுவாள். ஏன் என்று கேட்டால், "நீ பாசாகாட்டி இது பொறந்திருக்காதுல்லா" என்பாள். பதினான்கு வயதுக்கு வாய் கொஞ்சம் அதிகம்.

மற்றக் கோழிகள் பலாமரத்தின் தாழ்ந்த கிளையில் உறங்கும். மாடன் சேவல் மட்டும் அடுக்களையில், பஞ்சாரம் என்று நாங்கள் சொல்லும் பிரம்புக்கூடைக்கு அடியில். எல்லோரும் சுகமாகத்தான் இருந்தார்கள். பங்குனி மாதம் ஒரே வாரத்தில் இரண்டு பெட்டைகளை மரநாய் கொண்டுபோயிற்று. கிளைக்குக் கீழே நாலு இறகு கிடந்தது, அவ்வளவுதான்.

அம்மா அந்த இறகுகளைக் கையில் வைத்துக்கொண்டு, "இன்னைக்குப் பெட்டை. நாளைக்கு அடுக்களைக்குள்ள வந்து அதைத் தூக்கிட்டுப் போச்சுன்னா? மாடன்கிட்ட நான் என்ன சொல்லுவேன்?" என்றாள். கண் கலங்கியிருந்தது.

நான் எழுந்து நின்றேன். "கவலைப்படாதே அம்மா. சாஸ்திரீயமாக ஒரு கூடு கட்டிவிடலாம்" என்றேன். (அந்த வயதில் நான் எதையும் எழுந்து நின்றுதான் சொல்வேன். எழுதுகிற தமிழில்தான் பேசுவேன்.)

எங்கள் ஆபீஸ் அலமாரியில் கோழி வளர்ப்பைப் பற்றி ஒரு இங்கிலீஷ் புத்தகம் கிடந்தது. அதைக் கேட்டு வாங்கிவந்தேன். அதில் கோழிகள் உறங்குகிற கம்பத்துக்கென்றே தனியாக ஒரு அத்தியாயம். அதை எப்படிப் படித்தேன் என்பதை இங்கே ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். முதல் பக்கத்தைப் படித்தேன். கடைசிப் பக்கத்தைப் படித்தேன். நடுவில் இருந்த ஆறு பக்கம் பொடி எழுத்து. வரிக்கு இரண்டு சொல் அகராதியில் பார்க்க வேண்டியிருந்தது. நடுவில் என்ன இருக்கும் என்று ஊகித்துக்கொண்டேன். இது புது வழக்கமல்ல. இண்டர்மீடியட் பாசானதும் இதே முறையில்தான்.

முதல் பக்கத்தில், கோழிக்கு உயரத்தில் உறங்கினால்தான் பயம் தெளியும் என்று இருந்தது. கடைசிப் பக்கத்தில், கூடு எப்போதும் சுத்தமாக இருக்க வேண்டும் என்று இருந்தது. எனக்கு இது போதும்.

பின்புறத்தில் ஒரு பழைய விறகுப்புரை இருந்தது. அதைக் காலிசெய்து நாலு பக்கமும் கம்பிவலை அடித்தேன். கதவுக்கு இரட்டைக் கொண்டி. கீரி மண்ணைத் தோண்டி வராமலிருக்கத் தரையில் செங்கல் பாவி, மேலே சிமெண்ட் பூசினேன். இதுவரை என் மேல் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. மரநாயிடமிருந்தும் கீரியிடமிருந்தும் அந்தக் கோழிகளை நான் காப்பாற்றிவிட்டேன். என்னிடமிருந்து காப்பாற்றத்தான் ஆளில்லாமல் போயிற்று.

அடுத்தது உறங்கும் கம்பம். எங்கள் காலேஜில் ரசாயனப் பாடம் நடக்கும் ஹாலில் பெஞ்சுகள் படிப்படியாக மேலே ஏறிப்போகும். கூரையைத் தொடும் கடைசி பெஞ்சில்தான் நான் இரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தேன். அதே மாதிரி ஐந்து படி என்று காகிதத்தில் படம் வரைந்து அம்மாவிடம் காட்டினேன்.

அம்மா படத்தை நேராகப் பிடித்துப் பார்த்தாள். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தாள். "இதுல மாடன் சேவல் எங்கின இருக்கும் மக்கா?"

"எங்கே வேண்டுமானாலும் இருக்கலாம் அம்மா."

"அது எப்படி? சாமிக்குள்ள உருப்படி பெட்டைக்குக் கீழ இருக்கப்பிடாது. மேல பெட்டை இருந்து கீழ சேவல் மேல எச்சம் போட்டா, சாமிக்கு ஆகுமா?"

நியாயமான கேள்வி. கடைசிப் படியை இன்னும் ஓரடி தூக்கினேன். அது தரையிலிருந்து ஐந்தரை அடி உயரத்துக்குப் போயிற்று. சேவலுக்குத் தனி ஆசனம். அம்மாவின் முகம் தெளிந்தது.

சாமியின் சேவல் உட்காரப்போகிற இடத்துக்குக் காட்டுக்கொம்பை வைக்க எனக்கு மனம் வரவில்லை. பழைய மரக்கடையில், இடித்த மாளிகையின் மச்சுப்படிக் கைப்பிடி ஒன்று கிடந்தது. அசல் தேக்கு. வாங்கி வந்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். ஒருநாள் முழுவதும் தேய்த்தேன். அப்புறம் வார்னிஷ் அடித்தேன். காய்ந்ததும் இன்னொரு பூச்சு. எங்கள் ஆபீஸில் பெரிய அதிகாரியின் மேஜைகூட அப்படிப் பளபளத்ததில்லை. குனிந்து பார்த்தால் என் முகம் தெரிந்தது. அதில் தெரிந்த முகத்தில் எவ்வளவு திருப்தி!

பங்கஜாட்சி சேச்சி வேலிக்கு மேல் எட்டிப்பார்த்தாள். சேச்சி மலையாளி, எங்களோடு பேசும்போது பாதி தமிழ், பாதி மலையாளம்.

"எந்தா மோனே இது? கோழிக்குக் கட்டிலா?"

"உறங்குவதற்கு மேடை சேச்சி. சாஸ்திரீய முறை."

சேச்சி விரலால் கம்பத்தைத் தடவினாள். விரல் சர்ரென்று வழுக்கிக்கொண்டு போயிற்று. சேச்சி விரலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், அம்மாவைப் பார்த்தாள். அம்மா, "புக்குல போட்டிருக்காம்" என்றாள். சேச்சி கையை இழுத்துக்கொண்டாள். இருபது வருஷம் கோழி வளர்த்த இரண்டு பெண்கள், நான் படிக்காமல் விட்ட ஆறு பக்கத்துக்குப் பயந்து வாயை மூடிக்கொண்டார்கள். இன்றைக்கும் என்னைக் குத்துவது அதுதான்.

அன்று சாயங்காலம் திறப்புவிழா. (நான் வெள்ளைச் சட்டை போட்டிருந்தேன். ஏன் என்று கேட்காதீர்கள்.)

வெளிச்சம் மங்க ஆரம்பித்ததும் அம்மா நொய்யரிசியைத் தூவி, "பா... பா... பா..." என்று கூப்பிட்டுப் பெட்டைகளைக் கூட்டுக்குள் விட்டாள். அவை தரையில் நின்று மேலே அண்ணாந்து பார்த்தன. முதல் பெட்டை கீழ்ப்படியில் தாவி ஏறியது. கால் தடுமாறியது. இறகை அடித்துச் சமாளித்து, அங்கே நிற்கப் பிடிக்காமல் அடுத்த படிக்குத் தாவியது. அதைப் பார்த்து மற்றவையும் தாவின. கோழிக்கு ஒரு குணம் உண்டு என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. மேலே ஒரு இடம் இருக்கிறது என்று தெரிந்தால் கீழே உள்ள இடம் எதுவும் அதற்கு வேண்டாம். ஐந்து படி போட்டேன். நாலு படி காலி. பதினோரு பெட்டைகளும், நாலடி நீளமுள்ள உச்சிப்படியில், ஓணத்துக்கு முந்தின நாள் பஸ் மாதிரி.

"அண்ணா, சேவலுக்கு இடமில்லை" என்றாள் பகவதி.

அம்மா மாடன் சேவலை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு வந்தாள். நான் வாங்கி, பெட்டைகளை ஒதுக்கி, உச்சிப்படியின் நடுவில் வைத்தேன். அது காலை ஊன்றிப் பார்த்தது. நகம் பதியவில்லை. பாசி பிடித்த குளத்துப் படியில் நிற்பவர்போலக் கழுத்தை முன்னும் பின்னும் ஆட்டிக்கொண்டு நின்றது. நடுவில் ஒரு ஆள் கூடியதும் ஓரத்தில் இருந்த இரண்டு பேருக்கு இடமில்லாமல் போயிற்று.

தொப்.

"ஒண்ணு" என்றாள் பகவதி.

தொப்.

"ரெண்டு."

விழுந்தவை மறுபடி ஏறின. ஏறி நடுவில் நுழைந்தன. ஓரத்தில் இருந்தவை விழுந்தன. பகவதி ஒன்பது வரை எண்ணினாள். சேச்சி முண்டின் முனையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். தோள் மட்டும் குலுங்கியது.

"எளா, எண்ணாம இரு" என்று அம்மா அவளை அதட்டிவிட்டு என்னிடம் மெதுவாக, "மக்கா, ஒரு சாக்கை அதுல சுத்தினா என்ன? கொஞ்சம் வைக்கோல் கீழ போட்டா?" என்றாள்.

தேக்கின் மேல் சாக்கா? இரண்டு பூச்சு வார்னிஷின் மேலா? சிமெண்ட் தரையில் வைக்கோல் போட்டால் சுத்தம் என்ன ஆவது? "புதுசுதானே அம்மா. இரண்டு நாளில் பழகிவிடும்" என்றேன். கதவைச் சாத்தி இரட்டைக் கொண்டியையும் போட்டேன்.

மறுநாள் விடிந்தது. சேவல் கூவவில்லை.

அம்மாதான் முதலில் ஓடினாள். பெட்டைகள் எல்லாம் இறங்கித் தரையில் நடமாடிக்கொண்டிருந்தன. மாடன் சேவல் மூலையில் ஒற்றைக்காலில் நின்றது. எடை உள்ள உடம்பு, ஐந்தரை அடியிலிருந்து சிமெண்டில் குதித்திருக்கிறது. இடது கால் வீங்கி, நடுவிரல் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. அம்மா அதை அள்ளி எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருக்கலாம். அவள் சொன்னது இவ்வளவுதான்: "நீ பாசானதுக்கு நேந்தது மக்கா. இனி நான் எந்த முகத்தோட போய் நிப்பேன்?"

கொடைக்கு இன்னும் ஒன்பது நாள்.

அந்த ஒன்பது நாளில் நான் கற்ற வைத்தியம் இண்டர்மீடியட்டில் கற்றதைவிட அதிகம். சேச்சி காய்ச்சித் தந்த எண்ணெயைக் காலையிலும் மாலையிலும் தடவினேன். என் காலேஜ் ஸ்கேலை உடைத்து மூன்றங்குலத் துண்டாக்கி, விரலை நேராக்கிக் கட்டுப் போட்டேன். சேவல் நடக்கும்போது ஸ்கேலில் உள்ள அங்குலக் கோடுகள் தெரியும். "எவ்வளவு தூரம் நடந்துதுன்னு அதுவே அளந்துக்கிடும்" என்றாள் பகவதி.

புதன்கிழமை அப்பா வந்தார். மாட்டை அவிழ்த்துக் கட்டினார். கூட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். உள்ளே தலையை விட்டு, உச்சிப்படியை உள்ளங்கையால் தடவினார்.

"நல்ல வழவழன்னு இருக்கு" என்றார். அதைப் பாராட்டாகத்தான் சொன்னார் என்பது என் துரதிர்ஷ்டம். வண்டிச் சக்கரத்தில் ஒரு ஆணி கோணலாக இருந்தால் ஆசாரியின் ஏழு தலைமுறையையும் இழுக்கிற மனிதர், நான் செய்ததில் ஏதோ காரணம் இருக்கும் என்று நம்பினார். அப்புறம் சேவலைப் பார்த்தார். ஸ்கேலைப் பார்த்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டார்.

அன்று சாயங்காலம் கூட்டுக்குள் ஒரு கோழிகூட ஏறவில்லை. தேடிப்போனால், முற்றத்தில் அவிழ்த்து நிறுத்தியிருந்த வண்டியின் நுகத்தடியில் பதினோரு பெட்டைகளும் வரிசையாக உட்கார்ந்திருந்தன. முட்டுக்கட்டை கொடுத்து நிறுத்திய நுகத்தடி, தரையிலிருந்து இரண்டடி இருக்கும். வெயிலிலும் மழையிலும் அடிபட்டுச் சொரசொரப்பான மரம். கீழே சிந்திய வைக்கோல். ஒரே உயரம், மேல் கீழ் இல்லை, தள்ளுமுள்ளு இல்லை. நகத்தை ஊன்றி, வயிற்றைத் தாழ்த்தி, சபையில் உட்கார்ந்த பெரியவர்கள் மாதிரி கண்ணை மூடிக்கொண்டன.

"போச்சு. மரநாய் வராம நாந்தான் இங்கின காவல் கிடக்கணும் போலிருக்கு" என்றார் அப்பா.

நான் உள்ளே போய் விளக்கை இழுத்து வைத்துக்கொண்டு அந்த ஆறு பக்கத்தையும் அகராதியோடு உட்கார்ந்து படித்தேன். கம்பங்கள் எல்லாம் ஒரே உயரத்தில் இருக்கட்டும். எடை மிகுந்த கோழிகளுக்கு இரண்டடிக்கு மேல் கூடாது. மரத்தை அதிகம் இழைக்க வேண்டாம். மெருகு பூசவே வேண்டாம். கீழே கெட்டித் தரையானால் வைக்கோலைக் கனமாகப் பரப்புக. ஒரு அத்தியாயத்துக்குள் ஒரு மனிதனை இவ்வளவு விவரமாகத் திட்டமுடியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

தேக்கைப் பிடுங்கினேன். அப்பாவிடம் கேட்டு, ஒடிந்து கிடந்த ஒரு பழைய நுகத்தடியை வாங்கி இரண்டடி உயரத்தில் கட்டினேன். ஒன்றுதான், படி கிடையாது. கீழே வைக்கோல். பெட்டைகள் உள்ளே வந்து, ஏறி, உட்கார்ந்து, உறங்கிவிட்டன. கூடு சரியாகிவிட்டது. சேவல்தான் சரியாகவில்லை.

கொடைக்கு இரண்டு நாள் முன்னால் மாமா வந்துவிட்டார். அம்மாவின் தம்பி. ஊரில் கொடைக் கமிட்டியில் முக்கியஸ்தர். நேர்ச்சைக் கோழி கொடுப்பவர்கள் எல்லோரும் முதலில் அவரிடம்தான் காட்டவேண்டும். எங்கள் வீட்டுச் சேவலைக் கையோடு கொண்டுபோக வந்திருந்தார்.

அம்மா அடுக்களையில் நின்று கையைப் பிசைந்தாள். நான் முந்திக்கொண்டேன். கட்டை அவிழ்த்துவிட்டு, சேவலை மடியில் வைத்து, காலை என் வேட்டிக்குள் மறைத்துக்கொண்டு போய் மாமா முன்னால் உட்கார்ந்தேன்.

மாமா பெண் பார்க்க வந்தவர்போலப் பார்த்தார். கொண்டையைப் பார்த்தார். அலகைத் திறந்து நாக்கைப் பார்த்தார். இறகை ஒவ்வொன்றாக விலக்கி வெள்ளை தேடினார். "தங்கம்லா! அக்கா, நல்லா வளத்திருக்கே. செரி, கீழ விடு மருமோனே."

"இருக்கட்டும் மாமா. களைப்பாக இருக்கிறது."

"யாருக்கு?"

"சேவலுக்கு."

"நாகர்கோயில்ல இருந்து பஸ்ல நின்னுக்கிட்டு வந்தவன் நான். இதுக்கு என்னலே களைப்பு? விடு."

விட்டேன். சேவல் மாமாவை நோக்கி இரண்டு அடி வைத்தது. ஒவ்வொரு அடிக்கும் இடப்பக்கம் சாய்ந்து தலையைத் தாழ்த்தி நிமிர்ந்தது.

மாமா குனிந்து சேவலின் காலைப் பார்த்தார். "என்ன மருமோனே," என்றார் நிமிர்ந்து, "உன் ஆபீஸுக்கு இதையும் கூட்டிட்டுப் போறியா? சலாம் நல்லாப் போடுதே."

பகவதி சிரித்துவிட்டாள். அம்மா அழுதுவிட்டாள். இரண்டையும் ஒரே சமயத்தில் கேட்க வேண்டிய தலையெழுத்து எனக்கு. விஷயம் முழுவதும் வெளியே வந்தது. மாமா கூட்டைப் பார்க்கவேண்டும் என்றார். மூலையில் சாத்தியிருந்த தேக்குக் கைப்பிடியைப் பார்த்து, "கோழிக்கா? தேக்கா?" என்று கேட்டார். "ரெண்டு கோட்டு வார்னிஷ்" என்று பகவதி சேர்த்துக்கொண்டாள்.

ஊனப்பட்டது ஆகாது என்று மாமா முடிவாகச் சொல்லிவிட்டார். நாளை சாயங்காலத்துக்குள் வேறு கருஞ்சேவல். நானும் அம்மாவும் கம்போளத்துக்குப் போனோம். முழுக் கறுப்பு ஒரே ஒரு கடையில்தான் இருந்தது. நான் சாமர்த்தியமாக, அதைப் பார்க்காததுபோல ஒரு சிவப்புச் சேவலை விலை கேட்டேன்.

கடைக்காரர், "கறுப்பு நேர்ச்சைக்கா?" என்றார், என் முகத்தைப் பார்த்தபடியே.

"இல்லை. சும்மா வளர்ப்பதற்குத்தான். கிடைத்தால் பார்க்கலாம்" என்றேன்.

"மாடனுக்கு ஐயா. நாளைக்கே வேணும்" என்றாள் அம்மா. சாமி விஷயத்தில் பொய் சொல்ல அவளுக்கு வராது. விலை அந்த நிமிஷமே மூன்று மடங்காயிற்று.

மறுநாள் தம்பானூரிலிருந்து எல்லோரும் பஸ் ஏறினோம். கூடையில் இருந்த புதுச்சேவலுக்குக் கண்டக்டர் சாமான் டிக்கெட் கிழித்தார். "பிள்ளைக்கே அரை டிக்கெட்தான், சேவலுக்கு என்ன கணக்கு?" என்று மாமா களியக்காவிளை வரை அவரோடு சண்டை போட்டுக்கொண்டே வந்தார்.

கொடையன்று கூட்டத்தில் என்னை எங்கே நிறுத்துவது என்று எனக்கே தெரியவில்லை. அம்மா புதுச்சேவலை ஏந்திக்கொண்டு முன்னால் போனாள். சாமியாடி வெட்டுக்கத்தியும் கையுமாக ஆடிவந்து அவள் முன்னால் நின்றார். கண் சிவந்திருந்தது. "இது நீ நேந்த சேவலா?" என்று கர்ஜித்தார்.

மாமா யோசனைப்படி முன்னாலேயே ஒரு பதில் தயாராகத்தான் இருந்தது. "ஆமாம் சாமி" என்ற இரண்டே சொல். அம்மா வாயைத் திறந்தாள்.

"இல்லை சாமி. நேந்தது நொண்டியாப் போச்சு. படிச்ச பிள்ளை கூடு கட்டினான் சாமி. தேக்குல. வார்னிஷ் அடிச்சு."

மேளம் நின்றது. ஊர் முழுவதும் அம்மாவின் விரல் போன திசையில் திரும்பியது. அந்தத் திசையில் நான் நின்றேன், அதே வெள்ளைச் சட்டையில். யாரோ ஒரு கிழவர்தான் முதலில் சிரித்தார். அப்புறம் மேளக்காரர். அப்புறம் ஊர். சாமியாடியின் மீசை துடித்ததை நான் பார்த்தேன். அது அருளா சிரிப்பா என்று இன்றுவரை தெரியாது. சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டு, திருநீற்றை அள்ளி அம்மாவின் நெற்றியில் பூசினார்.

"உள்ளதைச் சொன்னே. ஏத்துக்கிட்டேன். நொண்டியைக் கறி வைக்கப்பிடாது. சாகுற வரைக்கும் சோறு போடு" என்றார். அப்புறம் என் பக்கம் கத்தியை நீட்டி, "லேய் படிச்சவனே, முழுசாப் படி!" என்றார்.

புத்தகத்தில் நடுவில் ஆறு பக்கம் விட்ட சங்கதியை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. அதனால் மாடனைப் பற்றி எனக்கு அன்று முதல் எந்தச் சந்தேகமும் கிடையாது.

நொண்டிச் சேவல் எங்கள் வீட்டில் இன்னும் ஆறு வருஷம் இருந்தது. கூட்டில் உறங்காது. என் கட்டிலின் கால்மாட்டுச் சட்டத்தில்தான் உறங்கும். சரியாக இரண்டடி உயரம். விடியுமுன் என் காதருகில் வந்து கூவும். அந்த ஆறு வருஷத்தில் நான் ஆபீஸுக்கு ஒருநாள்கூடத் தாமதமாகப் போனதில்லை. வேலையை நிரந்தரமாக்கியபோது அதிகாரி எழுதிய நல்ல வார்த்தைகளில் பாதி அந்தச் சேவலுக்குச் சேரவேண்டியது. அதே வருஷக் கடைசியில் மாநிலங்களைப் பிரித்துப் புது எல்லை போட்டார்கள். எங்கள் ஊரோடு மாடன் மெட்ராஸ் பக்கம் போனார். சேவல் கேரளத்தில் தங்கிவிட்டது. "இனி சாமி நினைச்சாலும் கேக்க முடியாது. வேற ராஜ்யம்லா" என்பார் அப்பா.

தேக்குக் கைப்பிடி இன்றும் இருக்கிறது. பகவதியின் வீட்டில் துணி காயப்போடுகிறார்கள். துணியெல்லாம் வழுக்கி விழுகிறது. எங்கள் குடும்பத்தில் யாராவது ஒரு வேலையை அதிகப்படியான புத்தியோடு செய்யப்போனால், சின்னக் குழந்தைகள்கூடக் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "வார்னிஷ் அடிச்சாச்சா?"

கொடை முடிந்து திரும்பிவரும்போது பஸ்ஸில் அம்மா, "மொத்தம் எவ்வளவு மக்கா ஆச்சு?" என்று கேட்டாள். நான் பையிலிருந்து காகிதமும் பென்சிலும் எடுத்து, கம்பிவலையிலிருந்து சேவலின் பஸ் டிக்கெட் வரை எழுதி, கோடு போட்டுக் கூட்டி, இருபத்தைந்து ரூபாய் என்றேன். பக்கத்தில் அப்பா கண்ணை மூடிக்கொண்டு விரலை மடக்கிக்கொண்டிருந்தார். "திருப்பிக் கூட்டு" என்றார். கூட்டினேன். இருபத்தாறு ரூபாய் இரண்டணா.